ஐஸ்கிரீம் குச்சியில் கவண்பொறி: உருண்டை கூரைக்குப் போகாமல் முன்னே போக

போன ஆகஸ்ட் விடுமுறைக்கு அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வந்த நாளில் பிடித்த மழை மூன்று நாளாக விடவில்லை. இஸ்தோப்பை, அதாவது வீட்டு முன் விறாந்தையை, விட்டு இறங்க முடியாமல் இரண்டும் சுருண்டு கிடந்தபோது, கையில் இருந்த குச்சிகளை வைத்து ஒரு கவண்பொறி செய்து கொடுத்தேன். செய்ய பத்து நிமிடம்தான் ஆனது. ஆனால் இழுத்து விட்டதும் தாள் உருண்டை நேரே கூரைத் தகரத்தில் முட்டி, சின்னவன் தலையிலேயே விழுந்தது. அதை முன்னால் போக வைக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அந்த இரண்டு நாளை நீங்கள் செலவழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேவையானவை

ஐஸ்கிரீம் குச்சி 9, ரப்பர் பேண்ட் 6, தண்ணீர் போத்தல் மூடி 1, மூடியை ஒட்ட இரட்டைப் பக்க டேப் கொஞ்சம், பழைய கொப்பித்தாள், அளவுநாடா, ஒரு வெண்கட்டி.

குச்சியைப் புத்தகக் கடையில் கட்டாகவே வாங்கலாம். சாப்பிட்டுச் சேர்த்த குச்சி என்றால் கழுவி, ஒரு இரவு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காய விடுங்கள். நம் ஊர் ஈரத்தில் சும்மா வைத்தால் காயாது, ஈரக் குச்சி வளையுமே தவிர திரும்பித் தெறிக்காது. யோகட்டுக்குத் தரும் மரக் கரண்டி அழகாக இருக்கும், ஆனால் மெல்லியது. எங்கள் வீட்டில் மூன்றாவது இழுப்பில் முறிந்துவிட்டது.

பசை வேண்டாம். மழைக்காலத்தில் அது இறுக அரை நாள் ஆகும், அதுவரை பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள். சூட்டுப் பசைத் துப்பாக்கியைச் சின்னக் கைகளில் கொடுக்க எனக்கு மனம் வராது. ரப்பர் பேண்டால் கட்டினால் அவிழ்த்து மாற்றிக் கட்டலாம், சோதனைக்கு அதுதான் வசதி. கறிவேப்பிலைக் கட்டில் வரும் மெல்லிய பேண்டே போதும், இரண்டு மூன்று சுற்றாகச் சுற்றுங்கள்.

கட்டும் முறை

1. ஏழு குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு முனையிலும் பேண்ட் போட்டு இறுக்குங்கள். இதுதான் முட்டு.

2. மீதி இரண்டு குச்சிகளைச் சேர்த்து ஒரு முனையில் மட்டும் கட்டுங்கள்.

3. கட்டாத முனையைக் கோழிக்குஞ்சின் வாய் மாதிரி விரித்து, முட்டு அடுக்கைக் குறுக்காக உள்ளே தள்ளுங்கள். மூன்றும் சேரும் இடத்தில் பேண்டைப் பெருக்கல் குறி போல மாற்றி மாற்றிச் சுற்றுங்கள்.

4. மேல் குச்சியின் நுனியைத் துணியால் துடைத்துவிட்டு மூடியை ஒட்டுங்கள். குச்சியின் நடுக்கோட்டில் இருக்க வேண்டும், கொஞ்சம் விலகினாலும் உருண்டை பக்கவாட்டில் போகும்.

கட்டிய முனைதான் பொறியின் முன்பக்கம். அதை ஒரு கையால் தரையோடு அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் மூடியைக் கீழே இழுத்து விட வேண்டும். அழுத்தாவிட்டால் பொறியே துள்ளிவிடும். ரோமானியர்களின் கல்லெறி பொறி ஒன்றுக்கு ஓனேஜர், அதாவது காட்டுக்கழுதை, என்றே பெயர். கல்லை விட்டதும் கழுதை உதைப்பது போலப் பின்புறம் எம்புமாம். இதைச் சொன்னதிலிருந்து எங்கள் பொறிக்கும் கழுதை என்றே பெயராகிவிட்டது.

என்னைச் சிக்க வைத்த இடம்

உருண்டை ஏன் கூரைக்குப் போகிறது? இழுத்த அளவு போதவில்லை என்று நினைத்து முதலில் இன்னும் பலமாக இழுத்தேன். இன்னும் வேகமாகக் கூரைக்குப் போனது.

மூடியை இழுக்கும்போது குச்சி வளைந்து சக்தியைச் சேர்க்கிறது. விட்டதும் அது தன் பழைய நிலைக்குப் பாய்கிறது. அந்த நிலைக்கு வந்ததும் குச்சி வேகம் குறைகிறது, உருண்டை குறையாமல் கிளம்பிவிடுகிறது. கிளம்பும் திசை அந்த நேரத்தில் குச்சிக்குச் செங்குத்தாக இருக்கும். குச்சி தரையோடு படுத்துக் கிடந்தால் செங்குத்து என்பது வானம்தான்!

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. பொறியை இழுக்காமல் சும்மா வைத்துவிட்டு, ஒரு பென்சிலை மூடிக்குள் மேல் குச்சிக்குச் செங்குத்தாக நிறுத்திப் பிடியுங்கள். பென்சில் முனை எங்கே காட்டுகிறதோ உருண்டை அங்கேதான் கிளம்பும். முதல் தடவை பிடித்துப் பார்த்தபோது பென்சில் எங்கள் வீட்டுக் கூரை மரத்தைக் காட்டியது. பெரியவள் உடனே, "சித்தி, அப்போ இதைச் சாய்க்கணும்" என்றாள்.

சரி, எவ்வளவு சாய்க்க வேண்டும்? ஒரு குச்சியின் தடிப்பு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர், ஏழுக்கு 14. குச்சிகளைக் கட்டிய முனையிலிருந்து முட்டு 5 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தால் மேல் குச்சி 15 பாகைக்குக் கொஞ்சம் கூடத்தான் நிமிரும். உருண்டை கிட்டத்தட்ட 75 பாகையில் கிளம்பும். அதே வேகத்தில் 45 பாகையில் போனால் விழும் தூரத்தில் சரி பாதிதான் இதில் கிடைக்கும். முட்டு அடுக்கை 2.5 சென்ரிமீற்றருக்குத் தள்ளினால் குச்சி 30 பாகைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து, உருண்டை 60 பாகை அளவில் கிளம்பும். அப்புறம் பொறியின் பின்பக்கம், மூடி இருக்கும் பக்கம், 3 சென்ரிமீற்றர் தடிப்புள்ள புத்தகம் ஒன்றை அடியில் வைத்தால் இன்னும் 15 பாகை சரிந்து 45க்கு வந்துவிடும். பாகைமானி இருந்தால் வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் பென்சிலே போதும். தாள் உருண்டையைக் காற்று தடுப்பதால் 45க்குச் சற்றுக் கீழேதான் அது அதிக தூரம் போகும். அந்த இடத்தைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

சோதனை

உருண்டையை வெண்கட்டித் தூளில் புரட்டி எடுத்து விடுங்கள். சிவப்புச் சீமெந்துத் தரையில் முதலில் விழுந்த இடத்தில் வெள்ளைப் பொட்டு விழும். உருண்டு போய் நின்ற இடத்தை அளக்காதீர்கள், பொட்டு வரைக்கும் அளக்க வேண்டும். ஒவ்வொரு அமைப்புக்கும் ஐந்து தடவை விட்டு, ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்துக் கொப்பியில் எழுதுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். சின்னவன் குச்சியையும் கூட்டி, புத்தகத்தையும் மாற்றி, உருண்டையையும் பெரிதாக்கி விட்டான். தூரம் கூடியது, ஆனால் எதனால் கூடியது என்று அக்காவுக்கு அவனால் சொல்ல முடியவில்லை. அழுகை வரும் நிலையில் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஆரம்பித்தான். இழுக்கும் ஆழமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மூடிக்குக் கீழே ஒரு தீப்பெட்டியை வைத்து, அதில் முட்டும் வரை இழுத்தால் எல்லா இழுப்பும் ஒன்றாகும்.

கட்டாயம் கவனிக்க வேண்டியது

கல், ஆணி, கோலிக்குண்டு எதுவும் மூடியில் ஏறக் கூடாது. முகத்துக்கு நேரே குறி வைக்கக் கூடாது. மழை விட்டு வெளியே போனால் மரத்தைப் பார்த்து விடவே கூடாது, குளவிக் கூடு இருக்கலாம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கொழுந்து பறிக்கப் போன எத்தனை பேரைக் குளவி கொட்டியிருக்கிறது. தாள் உருண்டைதானே என்று விட முடியாது, அதைத் தேடிப் போகும் கால் கிளையை ஆட்டினாலே போதும்.

பிறகு சேர்த்தது

பண்டாரவளையிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். அந்தப் பக்கம் ஆகஸ்டில் மழை இல்லை, காற்றுத்தான், தாள் உருண்டை போகும் வழியிலேயே திரும்பி விடுகிறதாம். தாளைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, இறுக்கமாக உருட்டிக் காய வைத்துப் பார்க்கச் சொன்னேன். சின்னதாகவும் கெட்டியாகவும் இருப்பதால் காற்று அவ்வளவு தள்ளவில்லை என்று மறுபடி எழுதினார். அவர் பேண்டுகளும் அடிக்கடி அறுந்தன. பெட்டியை வெயில் படும் ஜன்னலில் வைத்திருக்கிறார். ரப்பர் வெயிலில் வெடிப்பு விட்டுவிடும், மூடிய டப்பாவில் போட்டு அலமாரியில் வையுங்கள்.

மேல் குச்சி முட்டுக்கு நேரே முறிகிறது என்று இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். முட்டு அடுக்கை முன்னே தள்ளும்போது அந்த இடத்தில் வளைவு கூடும். அரைக் குச்சி ஒன்றை மேல் குச்சிக்கு அடியில், முறிகிற இடத்தை மூடுவது போல வைத்து இரண்டு பேண்டால் கட்டுங்கள். கட்டிய பிறகு பென்சிலை மறுபடி நிறுத்திப் பாருங்கள், கோணம் கொஞ்சம் மாறியிருக்கும்.