ரெஃபரன்ஸ் லிஸ்ட்ட ஒழுங்கு பண்ணின கதை

பேப்பர் ரிவ்யூவுக்கே போகல, ரெஃபரன்ஸ் ஃபார்மட் சரியில்லன்னு எடிட்டோரியல் ஆபீஸ்லேந்து திரும்பி வந்துருச்சு. அவங்க கேட்டது வேன்கூவர் ஸ்டைல், அதாவது டெக்ஸ்ட்ல வர்ற வரிசையிலயே நம்பர். ரெஃபரன்ஸெல்லாம் சேத்து வைக்குற சாஃப்ட்வேர் ஜொடேரோ, அதுல ஸ்டைல மாத்தினதும் நம்பரிங் தானா மாறிடுச்சு, ஆனா லிஸ்ட்ட பாத்தா வேர்ல்ட் ஹெல்த் ஆர்கனைசேஷன் "ஆர்கனைசேஷன் டபிள்யூஹெச்"னு நிக்குது, ஏதோ இனிஷியல் வச்ச ஆளு மாதிரி!

காரணம் என்னன்னா ஆத்தர் இடத்துல பேர ரெண்டா பிரிச்சு வச்சிருக்கு, பக்கத்துல இருக்குற சின்ன பட்டன அமுக்கி ஒரே கட்டமா மாத்தினா சரியாயிடும், வேர்டுக்கு பதிலா லேடெக்ஸ்ல எழுதுறவங்க, ரெஃபரன்ஸ் இருக்குற பிப் ஃபைல்ல பேருக்கு ரெட்டை சுருள் அடைப்பு போட்டா போதும்.

ஜர்னல் பேரு சுருக்கமா வேணும்னா ஜொடேரோவோட வேர்ட் பிளகின்ல மெட்லைன் சுருக்கம்னு ஒரு டிக் இருக்கு. தலைப்புல ஈ. கோலை மாதிரி உயிரியல் பேரு வந்தா மட்டும் சாய்வெழுத்துக்கான இட்டாலிக் டேக்க கையாலதான் போடணும், கடுப்பான வேலை.

முக்கியமா, லிஸ்ட்ட வேர்ட்லயே திருத்தாதீங்க, அடுத்த ரிஃப்ரெஷ்ல எல்லாம் போயிடும், ஜொடேரோ என்ட்ரிலதான் திருத்தணும். அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து, அந்த காப்பில மட்டும் சைட்டேஷன அன்லிங்க் பண்ணுங்க, அதாவது ஜொடேரோ தொடர்ப வெட்டி வெறும் எழுத்தா மாத்துங்க, ஒரிஜினல் ரிவிஷனுக்கு வேணும்ல.