ஓம்ப்-ஜி: யூரியாவில் கரைத்த புரதத்தை மீண்டும் மடிய வைப்பது எப்படி

ஈ. கோலை பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் சிறு சர்க்கரைச் சங்கிலிகளை உள்ளே விடும் ஓம்ப்-ஜி, 14 பீட்டா இழைகளாலான ஒற்றைப் பீப்பாய் வடிவப் புரதம். அதே சவ்விலுள்ள ஓம்ப்-எஃப் புரதம் போல மூன்றாகச் சேர வேண்டியதில்லை. மடிப்பு வேலையைப் பழக இது நல்ல புரதம்.

ஜீனை குளோன் செய்யும்போது முன்னாலுள்ள 21 அமினோ அமிலச் சிக்னல் பெப்டைடை நீக்கிவிடுங்கள். அது இருந்தால் புரதம் சவ்வை நோக்கிப் போகும். அளவு மிஞ்சினால் செல் தாங்காது. சிக்னல் இல்லையென்றால் சைட்டோபிளாசத்திலேயே இன்க்ளூஷன் பாடியாக (மடியாத புரதக் கட்டியாக) திரளும். நமக்கு வேண்டியது அதுதான். பிஎல்21(டிஇ3) என்ற ஈ. கோலை வகைச் செல்களில், ஒளியடர்த்தி 0.6 வந்ததும் ஜீனை இயக்கிவிடும் ஐபிடிஜியை 1 மில்லிமோலார் சேர்த்து, 37 டிகிரியில் 3 மணி நேரம் போதும்.

செல்களைப் பனிக்கட்டியில் வைத்து சோனிகேட் செய்து (ஒலியலையால் உடைத்து), 10,000 ஜி-யில் 20 நிமிடம் சுற்றுங்கள். படிவை 1% ட்ரைட்டன் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட் கலந்த பஃபரில் ஒரு முறையும், ட்ரைட்டன் இல்லாமல் இரண்டு முறையும் கழுவுங்கள். கடைசி இரண்டு கழுவலைத் தவிர்க்கவே கூடாது: தங்கிவிட்ட ட்ரைட்டன் டயாலிசிஸில் வெளியேறாது.

படிவை 8 மோலார் யூரியா, 20 மில்லிமோலார் ட்ரிஸ், பி.எச். 8-இல் கரையுங்கள். யூரியாவை அன்றன்று தயாரியுங்கள், சூடாக்காதீர்கள்; அதில் உருவாகும் சயனேட் லைசின்களில் ஒட்டிக்கொள்ளும். யூரியாவுக்குப் பதில் குவானிடின் வேண்டாம், அது ஜெல்லில் பயன்படும் எஸ்டிஎஸ் டிடர்ஜென்ட்டுடன் சேர்ந்து வீழ்படிவாகி ஜெல்லைக் கெடுக்கும்.

இனி மடிப்பு. பி.எச். 9 ட்ரிஸ் பஃபரில் 3% ஆக்டைல் குளுக்கோசைடு என்ற டிடர்ஜென்ட். அதன் ஒன்பது பங்கில் ஒரு பங்கு புரதக் கரைசலை, மெல்லக் கலக்கியபடியே சொட்டுச் சொட்டாக விடுங்கள். யூரியா 0.8 மோலாருக்கு இறங்கும். டிடர்ஜென்ட்டைப் புரதத்தில் ஊற்றினால் நடுவில் திரிந்துவிடும். நுரை வரக் கூடாது. 37 டிகிரியில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். சில சமயம் மூன்று நாள் வரை பொறுக்க வேண்டியிருக்கும்.

மடிந்ததா என்பதை ஜெல்தான் சொல்லும். ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து எஸ்டிஎஸ் சாம்பிள் பஃபர் சேருங்கள். ஒன்றை 95 டிகிரியில் 10 நிமிடம் சுடவையுங்கள். மற்றதை அறை வெப்பநிலையிலேயே விடுங்கள். மடிந்த பீப்பாய் எஸ்டிஎஸ்ஸில் பிரியாது, கச்சிதமாக இருப்பதால் வேகமாக ஓடி 28 கிலோடால்டன் அருகே நிற்கும். சுட்டது 34 அருகே. சுடாத தடத்தில் இரண்டு பட்டையும் தெரிந்தால் பாதிதான் மடிந்திருக்கிறது, இன்னும் காத்திருங்கள். ஜெல்லைக் குளிர்ச்சியாகவே ஓட்டுங்கள், சூடேறினால் நன்றாக மடிந்ததும் பிரிந்து தவறாக வழிகாட்டும். ஓம்ப்-எஃப்பில் இது தலைகீழ்: சுடாத மூவிணை மேலேயும், சுட்ட ஒற்றை கீழேயும் நிற்கும்.

பிறகு சுத்திகரிப்பு: முதலில் அயனிப் பரிமாற்றக் குழாய் (column), அடுத்து ஜெல் ஃபில்ட்ரேஷன் குழாய். புரதத்தைப் படிகமாக்க வேண்டிய டிடர்ஜென்ட்டை இந்தக் கடைசிக் குழாயிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். செறிவாக்க 50 கிலோடால்டன் வடிகட்டி நல்லது: 10 கிலோடால்டனில் மைசெல்களும் (டிடர்ஜென்ட் திரள்களும்) சேர்ந்து செறிவாகி, படிகச் சொட்டில் எண்ணெய்த் துளிகளாகப் பிரியும். 50-இன் வழியே புரதம் கசிகிறதா என்று வடிந்த நீரையும் ஜெல்லில் பாருங்கள்.

எஃப்ஹெச்யூஏ (FhuA), பிடியூபி (BtuB) போன்ற பெரிய வெளிச்சவ்வுப் புரதங்களுக்கு இந்த வழியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அவற்றின் 22 இழைப் பீப்பாய்க்குள் ஓர் அடைப்புப் பகுதியும் சரியாக அமர வேண்டும். அவற்றைச் சவ்விலிருந்தே எடுங்கள்: முதலில் சார்கோசில் என்ற டிடர்ஜென்ட்டால் உட்சவ்வைக் கரைத்து நீக்கி, மிஞ்சிய வெளிச்சவ்வை எல்டிஏஓ டிடர்ஜென்ட்டும், உலோக அயனிகளைப் பிடிக்கும் இடிடிஏவும் சேர்த்துக் கரைக்கலாம்.