கவிஞராகத் துடிக்கும் தம்பிகள் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் காரைக்குடியில் ஒரு மணிவிழா. பந்தி நடந்துகொண்டிருந்தது. தம்பி ஒருவர் சரிகைக் கரை அச்சடித்த வாழ்த்துமடலை மைக்கில் வாசித்தார். "மூணாவது வரிசைக்குச் சாம்பார்!" என்று யாரோ கத்த, அவர் குரல் இன்னும் உயர்ந்தது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. இருபது வருடத்துக்கு முன் அப்படி நின்றவன் நான். சந்திப்பிழையெல்லாம் எழுத எழுதச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

பெரிய மனிதர்களைப் பாடிப் பெயர் வாங்கப் பார்ப்பது

செட்டிநாட்டில் இதற்கு வாய்ப்புக்குக் குறைவில்லை. மணிவிழா, புதுமனை, கும்பாபிஷேகம். ஒரு மடலுக்கு ஒரு பொன்னாடை, கவரில் 501 ரூபாய். நான்கு வருடம் எழுதினேன். சொக்கலிங்கம் என்றால் சொக்க, தக்க, பக்க என்று எதுகை தானாக விழும். அரை மணி நேரத்தில் எண்சீர் விருத்தம் தயார். ஊரில் நாலு பேர் 'கவிஞரே' என்று கூப்பிட்டார்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அப்புறம் எங்கள் அப்பத்தா இறந்துபோனார். விடிகாலையில் அவர் வெற்றிலை இடிக்கும் சத்தத்தில்தான் வீடே எழுந்திருக்கும். அதை எழுத உட்கார்ந்தேன். 'ஆலெனத் தழைத்த அன்னையே' என்று வந்தது. அடித்தேன். 'குன்றென நிமிர்ந்த குலவிளக்கே' என்று வந்தது. அந்தச் சின்ன இரும்பு உரலோ, சுண்ணாம்பு ஒட்டிய விரலோ ஒரு வரியிலும் வரவில்லை. யார் யாருக்கோ அடுக்கிய சொற்கள் என் வீட்டுச் சாவுக்கும் வந்து நின்றன. அந்த ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை. அவற்றை உதற இரண்டு வருடம் ஆனது. அப்பத்தா கவிதையை இன்னும் எழுதவில்லை.

கண்ணதாசனைச் சொல்லிச் சென்னைக்குப் பஸ் ஏறுவது

சிறுகூடல்பட்டியில் பிறந்தவர் 1949-இல் சினிமாவுக்குப் பாட்டு எழுதிவிட்டார் என்பார்கள். அதற்கு முன்பே அவர் பத்திரிகையில் வேலை பார்த்ததைச் சொல்வதில்லை.

மேடை கேட்பது, கீழே உட்கார மறுப்பது

1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் விழா நம் ஊரில் நடக்கிறது. பங்குனியில் போய் முழுநாளும் உட்காருங்கள். விருத்தத்தின் ஓட்டம் காது வழியாகத்தான் ஏறும்.

கடன் வாங்கித் தொகுப்பு போடுவது

வேண்டாம்.

வீட்டை எழுதக் கூச்சப்படுவது

அந்தத் தம்பியிடம் வேறென்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். தயங்கி ஒரு நோட்டை எடுத்தார். அவர் அப்பா ஆத்தங்குடிக் கல் போடுகிறவர். கண்ணாடி மேல் அச்சு வைத்து, நிறச் சிமெண்ட் ஊற்றும் கையைப் பற்றி எட்டு வரி.

"இதை ஏன் வாசிக்கல?"

"இதை யாருண்ணே கேப்பா?"

கை கழுவுகிற இடத்தில் நின்றபடியே இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.