ஹைட்ராலிக் மோட்டார் பவர்: கணக்கு எங்கே தப்புகிறது?

பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பில் கன்றுக்குக் குழி போட, டிராக்டரின் பின்னால் ஹைட்ராலிக் ஆகர் (குழி தோண்டும் திருகுக் கருவி) மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். பி.டி.ஓ. (டிராக்டரின் பின்னால் சுற்றும் பவர் ஷாஃப்ட்) நிமிடத்துக்கு 540 சுற்று, சுற்றை மூன்று மடங்காக்கும் 1:3 கியர்பாக்ஸ், ஒரு சுற்றுக்கு 25 சிசி ஆயில் தள்ளும் கியர் பம்ப். பம்ப் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,600 சுற்று சுற்றினால் 40 லிட்டர் ஆயில். ஆகரைச் சுழற்றுவது, ஒரு சுற்றுக்கு 400 சிசி ஆயில் வாங்கும் ஆர்பிட் மோட்டார் (மெதுவாக, அதிக முறுக்கு விசையோடு சுற்றும் வகை). அதன் தியரி பவர், அதாவது மோட்டாருக்குள் ஆகும் இழப்பைக் கழிக்காத பவர், எவ்வளவு?

சூத்திரம் ஒரே வரி: லிட்டர்/நிமிடம் × பார் ÷ 600 = கிலோவாட். இதை யாரும் தப்பாகப் போடுவதில்லை. உள்ளே வைக்கும் எண்கள்தான் காலை வாரும்.

முதல் எண் பிரஷர். ரிலீஃப் வால்வு (பிரஷர் எல்லையைத் தொட்டால் ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிடுவது) 175 பாரில் செட் செய்திருக்கிறது என்பதற்காக 175-ஐயே போட்டுவிடுகிறார்கள். பிரஷரைத் தீர்மானிப்பது லோடு. ரிலீஃப் செட்டிங் அதற்கு உச்சவரம்பு மட்டுமே. வேலை நடக்கும்போது பம்ப் அருகே உள்ள கேஜ் 160 காட்டினாலும் அதுவும் நேரடியாக உதவாது. ஹோஸிலும் கன்ட்ரோல் வால்விலும் 8 பார் போனால் மோட்டார் வாயில் 152. ரிட்டர்ன் லைனில், ஃபில்டர் அடைப்போடு சேர்த்து, 12 பார் எதிர்த்து நின்றால் மோட்டாருக்கு உண்மையில் கிடைப்பது 140 பார். 40 × 140 ÷ 600 = 9.33 கிலோவாட். 175 போட்டவருக்கு 11.67 வரும், கால் பங்கு அதிகம். இரண்டு மோட்டாரை சீரிஸில் இணைத்திருந்தால் முதல் மோட்டாரின் வெளிவாயில் இரண்டாவதின் முழு பிரஷரும் நிற்கும். அதைக் கழிக்காமல் போட்ட கணக்கு வெறும் காகிதம்.

நெல் அறுக்கும் செயின் வண்டிகளில் எச்.எஸ்.டி. (ஹைட்ராலிக் பம்பும் மோட்டாரும் வண்டியை ஓட்டும் டிரான்ஸ்மிஷன்) இருந்தால் அது மூடிய சர்க்யூட்: மோட்டாரை விட்டு வரும் ஆயில் டேங்குக்குப் போகாமல் நேராகப் பம்புக்கே திரும்பும். திரும்பும் பக்கமான லோ சைடில், ஆயில் குறையாமல் நிரப்பும் சின்னப் பம்பின் சார்ஜ் பிரஷர் எப்போதும் இருக்கும். ஹை சைடு 220, சார்ஜ் 20 என்றால் கணக்கில் போக வேண்டியது 200.

இரண்டாவது எண் ஃப்ளோ. இதில்தான் பெரிய தப்பு நடக்கிறது: அதிகபட்ச பிரஷரையும் அதிகபட்ச ஃப்ளோவையும் பெருக்கிவிடுவது. ஆகர் பழைய வேரில் சிக்கி நின்றுவிட்டால் கேஜ் 175-ல் போய் நிற்கும். பார்ப்பவருக்கு மோட்டார் முழு பவரில் முக்குவது போலத் தெரியும். ஆனால் ஆயில் முழுவதும் ரிலீஃப் வழியாக டேங்குக்கு ஓடுகிறது, மோட்டார் சுற்றவில்லை. டார்க் (முறுக்கு விசை) உச்சம், பவர் பூஜ்யம். அந்த 11.67 கிலோவாட் எங்கே போகிறது என்றால், அப்படியே ஆயிலைச் சூடாக்கப் போகிறது. லீவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் டேங்கைத் தொட முடியாது.

பம்ப் பிளேட்டில் உள்ள லிட்டரும் அப்படித்தான். இறுகிய களிமண்ணில் இன்ஜின் மூச்சு வாங்கி பி.டி.ஓ. 400-க்கு இறங்கினால் பம்ப் 1,200 சுற்று, ஆயில் 30 லிட்டர். அதே 140 பாரில் 7 கிலோவாட்தான். பிரஷரையும் ஃப்ளோவையும் ஒரே நேரத்தில், அந்த மோட்டார் வாயில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எடுங்கள்.

யூனிட்டில் சில பொறிகள். கேஜ் கிலோ/சதுர செ.மீ.யில் இருந்தால் 600-க்குப் பதில் 612-ஆல் வகுக்க வேண்டும். இரண்டு சதவீதம்தான், பெரிய பாதகமில்லை. பி.எஸ்.ஐ. என்றால் 14.5-ஆல் வகுத்து பாராக்கிக்கொள்ளுங்கள். கேட்டலாகில் கேலன் இருந்தால் கவனம்: அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546. ஹெச்.பி.க்கு மாற்றினால் 9.33 கிலோவாட் என்பது சுமார் 12.5 ஹெச்.பி.; மெட்ரிக் குதிரைத்திறனில் 12.7.

டார்க் வழியாகச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். சிசி × பார் ÷ 62.8 = நியூட்டன் மீட்டர். 400 × 140 ÷ 62.8, ஏறத்தாழ 891. இதை 10-ஆல் மட்டும் வகுத்து 5,600 என்று எழுதுபவர் 2π-ஐ விட்டுவிட்டார். வேகம் 40,000 ÷ 400 = 100 சுற்று. 891 × 100 ÷ 9,550 = 9.33. இரண்டு வழியிலும் ஒரே விடை வராவிட்டால் எங்கேயோ யூனிட் உதைக்கிறது.

அடுத்து எஃபிஷியன்ஸி. 9.33 என்பது தியரி. ஷாஃப்டில் வருவது குறைவு. வால்யூமெட்ரிக் (உள்கசிவு போக மிஞ்சுவது) 90 சதவீதம், மெக்கானிக்கல் (உராய்வு போக மிஞ்சுவது) 85 சதவீதம் என்று கொண்டால் பெருக்கல் 0.765, ஷாஃப்டில் 7.14 கிலோவாட், 90 சுற்று. இங்கே ஒரு நுணுக்கம். 40 லிட்டரை ஃப்ளோ மீட்டரில் அளந்திருந்தால் இரண்டு எஃபிஷியன்ஸியையும் பெருக்க வேண்டும். ஆனால் டாக்கோமீட்டரில் 90 சுற்று அளந்து, 400 சிசியால் பெருக்கி 36 லிட்டர் என்று கண்டிருந்தால், கசிவு அதில் ஏற்கெனவே கழிந்துவிட்டது. 36 × 140 ÷ 600 = 8.4, அதை 0.85-ஆல் மட்டும் பெருக்கினால் அதே 7.14. இங்கும் 0.765 போடுபவர் கசிவை இரண்டு தடவை கழித்து 6.4-க்கு வந்து, நல்ல மோட்டாரைத் தேய்ந்துபோனது என்று கழற்றிவிடுவார்.

கழிந்த 2.2 கிலோவாட்டும் சூடுதான், இரண்டு இஸ்திரிப் பெட்டி அளவு. சித்திரை வெயிலில், கூலரில் வைக்கோல் தூசி அடைத்திருந்தால், ஆயில் இளகி உள்கசிவு கூடும். காலையில் 90 சுற்று ஓடியது மதியம் அதைவிடக் குறையும். தியரி கணக்கு மட்டும் இரண்டு வேளையும் 9.33 என்றே சொல்லும். அதனால் சுற்றை அளப்பதானால் ஆயில் சூடான பிறகு, லோடில் அளந்து பாருங்கள்.