படலையடியில் வைத்த பொருளை எடுக்கும்போது விடும் தவறுகள்

குப்பை எடுக்கும் உழவு இயந்திரம் ஒழுங்கைக்குள் வருவதற்கு முதல்நாள் மாலை, கால் முறிந்த கதிரையோ இழுப்பறை இறுகிப்போன மேசையோ அயல் வீட்டுப் படலையடியில் வந்து நிற்பதை யாழ்ப்பாணத்தில் பலரும் கண்டிருப்பர். கல்லுண்டாய்க் குப்பை மேட்டுக்குப் போகவிருந்த முதிரைக் கட்டில் ஒன்று இன்னொரு வீட்டில் மேலும் முப்பது வருடம் நிற்குமாயின், அதை எடுத்து வந்தவர் நல்ல காரியமே செய்திருக்கிறார். நானும் பல வருடங்களாக இப்படி எடுத்துத் திருத்திப் பயன்படுத்துகிறேன். ஆயினும் எடுக்கிற அவசரத்தில் விடும் சில தவறுகள் வீட்டுக்கும் அயலுக்கும் கேடாய் முடிவதைக் கண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

கேளாமல் எடுப்பது முதல் தவறு. தைப்பொங்கலை ஒட்டி வீடு கழுவுகிறவர்கள் தளபாடங்களை வெயிலில் காய வைப்பதுண்டு. வெளிநாட்டில் இருப்பவரின் பூட்டிய வீட்டைத் துப்புரவாக்குகிறவர், எதைக் கழிப்பது என்று உரிமையாளரிடம் இன்னும் கேட்டு முடித்திராமல் இருக்கலாம். செத்தவீடு நடந்த வீட்டிலிருந்து வந்த கட்டிலாயின், அதை உள்ளே எடுப்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மனச்சங்கடம் தரவும் கூடும். படலையைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டால் இவ்வளவும் தெளிந்துவிடும், அந்தப் பொருளில் என்ன பழுது என்பதும் சேர்ந்தே தெரியவரும்.

இழுப்பறைகளைச் சோதிக்காமல் கொண்டுபோவதை நான் இன்னும் பெரிய தவறாகக் கருதுகிறேன். ஒருமுறை எடுத்து வந்த மேசையின் இழுப்பறையை முழுதாகக் கழற்றியபோது, பின்பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் நசுங்கிக் கிடந்த பொலித்தீன் பையில் ஒரு காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ் ஒன்றும் இருந்தன. 1995 ஒக்ரோபர் 30 இல் போரினால் வலிகாமத்திலிருந்து மக்கள் தென்மராட்சி நோக்கி வெளியேறியபோது எத்தனையோ குடும்பங்கள் இத்தகைய கடதாசிகளை இழந்தன. அவற்றைத் திரும்ப எடுக்க அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். நான் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்த உறுதியைக் கையில் வாங்கிய, மேசைக்குரிய வீட்டு அம்மா, எழுத்தைப் படிக்காமல் அதன் மடிப்பை விரலால் தடவியபடியே நெடுநேரம் நின்றார். ஆகவே இழுப்பறையைக் கழற்றுங்கள், அலுமாரித் தட்டில் விரித்த பழைய பத்திரிகைத் தாளையும் தூக்கிப் பாருங்கள்.

மரத்தைப் பொறுத்தவரை, பார்வைக்கு நன்றாயிருப்பதை நம்பக்கூடாது. ஊசி நுழையுமளவு துளைகள் இருந்து, அவற்றின் கீழே மா அரித்தது போல வெளிறிய தூள் விழுந்திருந்தால் மரத்தைத் துளைக்கும் உளுப் பூச்சி இன்னும் உயிரோடிருக்கலாம். அதை நேரே அறைக்குள் வைத்தால் உங்கள் கதவு நிலைக்கும் அது பரவக்கூடும். வெள்ளைத் தாளின்மேல் பொருளை வைத்து, தாழ்வாரத்தில் இரண்டு மூன்று கிழமை விட்டுப் பாருங்கள். தாளில் புதுத் தூள் விழுந்தால் உள்ளே எடுக்க வேண்டாம். மரத்தூளை ஒட்டிச் செய்த சிப்போட் பலகை ஒரு மழையில் நனைந்து ஊதியிருந்தால் திருத்த முயல்வது வீண். பழைய பூச்சு உரிகிற தொட்டிலை உலர்ந்தபடி தேய்ப்பதும் ஆபத்து, ஏனெனில் பூச்சிலுள்ள ஈயத்தின் அளவுக்கு இலங்கையில் வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 இல்தான், அதற்கு முந்தைய பூச்சின் தூசியைப் பிள்ளைகள் சுவாசிக்கக்கூடாது. மெத்தையை எடுக்கவே வேண்டாம். மூட்டைப்பூச்சி இரத்தமில்லாமல் மாதக்கணக்கில் உயிர்வாழும், நம் வெயில் மெத்தையின் உட்புறம்வரை போவதுமில்லை.

கலன்களும் பரல்களும் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தோட்டக்காரர் வீட்டுப் படலையில் நிற்கும் கலன் பெரும்பாலும் பூச்சிகொல்லியோ களைகொல்லியோ இருந்ததாயிருக்கும். அதைச் சவர்க்காரம் போட்டு நாலுமுறை கழுவி, தண்ணீருக்கோ நல்லெண்ணெய்க்கோ பாவிப்பவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்ரிக் அந்த நஞ்சைத் தனக்குள் உறிஞ்சி வைத்திருந்து பின்னர் மெல்ல மெல்ல விடுவதால் எத்தனை முறை கழுவியும் பயனில்லை. கழுவும் இடமும் பெரும்பாலும் கிணற்றடி. வருடம் முழுதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டில் நாம் குடிப்பது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கித் தேங்கும் நீர், அதற்குள் ஊற்றியது அயல் கிணறுகளுக்கும் போகும். முன்பு என்ன இருந்தது என்று கொடுப்பவரால் சொல்ல முடியாத கலனை எந்தத் தேவைக்கும் எடுக்காதீர்கள்.

மின்சாதனங்களில், வயர் வெடித்தவற்றை 230 வோல்ற்றில் செருகிப் பரீட்சிக்கும் முன் மின் திருத்துநரிடம் காட்டுங்கள். செப்புக்காக வயரைக் கொளுத்துவது நச்சுப் புகையை ஒழுங்கை முழுவதும் பரப்பும். பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றைக் கோழிக்கூட்டுக்கென்று வாளால் அறுக்க வேண்டாம், பறக்கும் நுண்ணிழை நுரையீரலில் தங்கிவிடும். பிறிட்ஜை வெளியில் வைப்பதாயின், பிள்ளைகள் உள்ளே அகப்படாதபடி கதவைக் கழற்றிவிடுங்கள்.

பிறகு பார்க்கலாம் என்று எடுத்ததையெல்லாம் வீட்டுக் கோடியில் குவிப்பது மிகப் பரவலான தவறு. ஐப்பசி மழை தொடங்கியதும் ரயர், உடைந்த வாளி, பூச்சாடி, கழுவுதொட்டி எல்லாவற்றிலும் நீர் நிற்கும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாட்களே போதும். நீரைக் கவிழ்த்துவிட்டால் சரி என்று நினைப்பவர்கள், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள் ஈரமில்லாமலும் மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும் என்பதை அறிவதில்லை. ஆகவே கொண்டுவந்த அன்றே உட்பக்கத்தைத் தும்பால் உரஞ்சிக் கழுவ வேண்டும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நுளம்பின் குடம்பி (புழு) கண்டால் காணியின் உரிமையாளரோ அதில் குடியிருப்பவரோதான் பொறுப்பாளி. பொருள் முன்பு யாருடையதாக இருந்தது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கணக்கில் எடுக்கமாட்டார். என் வீட்டில் இப்போது ஒரு பொருளுக்கு இரண்டு மாதந்தான் தவணை. எடுத்த திகதியைச் சோக்கால் அதன் அடியில் எழுதிவைத்து, புரட்டாதி முடியுமுன் திருத்தாத எதையும் திரும்பப் படலையடிக்கே கொண்டுபோய், நீர் தேங்காதபடி கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.