ரீகாவ ஒரே நாள்ல நடந்து பாக்குறது எப்படி

லாத்வியா தலைநகர் ரீகாவுக்குப் போற நிறைய பேர் நேரா பழைய டவுனுக்குள்ள நுழைஞ்சு, நாலு சந்து சுத்தி, கூரை மேல பூனை நிக்கிற வீட்டுக்கு முன்னாடி ஒரு செல்ஃபி எடுத்துட்டு, சின்ன ஊருதான்னு சொல்லிட்டுக் கிளம்பிடுறாங்க. அப்படிப் பாத்தா ஒண்ணும் புடிபடாது. ஆத்துல ஆரம்பிச்சு உள்ள போங்க, ஊர் எந்த வரிசையில வளந்துச்சோ அதே வரிசையில பாத்துடலாம்.

காலையில தௌகவா ஆத்தோட அந்தாண்ட கரைக்குப் போயிடுங்க, தேசிய நூலகம் இருக்கிற பக்கம். கண்ணாடி மலை மாதிரி நிக்கிற கட்டடம், தவறவே மாட்டீங்க. 2014 ஜனவரில குளிர்ல ஆயிரக்கணக்கான பேர் வரிசையா நின்னு, பழைய லைப்ரரில இருந்து பாலம் தாண்டி இங்க வரைக்கும் புத்தகத்தைக் கைமாத்திக் கைமாத்தியே கொண்டு வந்து சேத்தாங்க. அங்கிருந்து திரும்பிப் பாத்தா எதிர்க்கரையில சர்ச் கோபுரங்கள் வரிசையா தெரியும், போட்டோ எடுக்குறதுன்னா இங்கயே எடுத்துக்கோங்க.

அப்புறம் கல்பாலத்துல நடந்தே இந்தப் பக்கம் வாங்க. 1201ல ஆல்பர்ட்னு ஒரு ஜெர்மன் பிஷப் ஆரம்பிச்ச ஊரு இது, 1282ல ஹன்சா வணிகக் கூட்டணில சேந்துச்சு, மேல கிழக்குல இருந்து மரம், சணல், மெழுகு, தோல் எல்லாம் ஆத்தோட வந்து இங்க கப்பல் ஏறும், காசு பெரும்பாலும் ஜெர்மன் வியாபாரிங்க கைக்குத்தான் போச்சு, மூட்டை தூக்குனதும் படகு ஓட்டுனதும் லாத்விய ஜனங்க. இதை மனசுல வச்சுக்கிட்டு அந்த அழகான வீடுகளைப் பாருங்க.

பாலம் இறங்குன உடனே பிளாக்ஹெட்ஸ் ஹவுஸ், கல்யாணமாகாத வியாபாரிங்களோட சங்கக் கட்டடம். பாக்க ரொம்பப் பழசா இருக்கும், ஆனா 1941 போர்ல எரிஞ்சு, மிச்சத்தையும் 1948ல இடிச்சுத் தள்ளிட்டாங்க, இப்ப நிக்கிறது 1999ல கட்டி முடிச்சது. அதுக்காக ஒதுக்கிடாதீங்க, ஆனா காசு குடுத்து உள்ள போறத விட பக்கத்துல செயின்ட் பீட்டர்ஸ் சர்ச்ல லிஃப்ட் ஏறி 72 மீட்டர் உயரத்துல நின்னு பாக்குறது எவ்வளவோ மேல்னு என் கருத்து. சதுக்கத்துல முதல் கிறிஸ்துமஸ் மரம் 1510ல இங்கதான் வச்சாங்கன்னு எழுதியிருக்கும், பக்கத்து நாடு எஸ்டோனியாவோட தலைநகர் தாலின்காரங்ககிட்ட கேட்டா நாங்கதான் முதல்னு சண்டைக்கு வருவாங்க, கண்டுக்காதீங்க.

டோம் சர்ச்சுக்குள்ள போறப்ப படி எறங்கித்தான் போகணும், கவனிங்க. வெள்ளத்துக்குப் பயந்து காலகாலமா சுத்தி மண்ணப் போட்டு மேடாக்கிட்டாங்க, 1211ல அடிக்கல் போட்ட சர்ச் பள்ளத்துலயே நின்னுடுச்சு. உள்ள 6718 குழாய் வச்ச ஆர்கன் இருக்கு, கச்சேரி நடக்குற நாளா இருந்தா விட்டுடாதீங்க.

பழைய டவுன விட்டு வெளிய வந்தா ஒரு கால்வாயும் பூங்காவும் வரும், பழைய கோட்டை அகழிதான் அந்தக் கால்வாய். சுவர் இருந்த காலத்துல வெளிய மர வீடு மட்டும்தான் கட்ட விடுவாங்க, எதிரி வந்தா கொளுத்திடலாம்னு, 1812ல நெப்போலியன் படை வருதுன்னு நெசமாவே கொளுத்தியும் விட்டாங்க. 1857ல சுவர இடிக்க ஆரம்பிச்சப்புறம்தான் ஊர் மூச்சு விட்டுச்சு. பூங்காவுல அஞ்சு நினைவுக்கல் இருக்கும், லாத்வியா சோவியத் யூனியன் பிடியில இருந்தப்ப, 1991 ஜனவரில சோவியத் சிறப்புப் போலீஸ் சுட்டதுல செத்தவங்களுக்கு, அதுல கேமராமேன்களும் உண்டு. பக்கத்துலயே 42 மீட்டர் சுதந்திரத் தூண், 1935ல வச்சது. சோவியத் காலத்துல இடிக்கல, ஆனா அங்க பூ வச்சா மாட்டிக்குவீங்க, 1987ல துணிஞ்சு வச்சாங்க, அதுல இருந்துதான் சுதந்திரப் போராட்டம் சூடு புடிச்சுது.

இதையும் தாண்டி ஒரு பதினஞ்சு நிமிஷம் நடந்தா ஆல்பர்ட்டா தெரு. கடைப்பக்கம் பாக்காம அண்ணாந்தே பாருங்க, கத்துற முகம், சிங்கம், மயில்னு கூரை வரைக்கும் இருக்கும். நிறைய கட்டடம் மிகைல் ஐசன்ஸ்டைன் டிசைன், சினிமா டைரக்டர் செர்கேய் ஐசன்ஸ்டைனோட அப்பா. எலிசபெத்தஸ் தெரு 10பி மட்டுமாவது பாத்துடுங்க, உச்சியில ரெண்டு பெரிய முகம் இருக்கும்.

பசிச்சா டவுன் நடுவுல இருக்கிற ரெஸ்டாரன்ட்ல உக்காராதீங்க, சென்ட்ரல் மார்க்கெட்டுக்குப் போங்க. ஜெர்மன் ஜெப்பலின் வான்கப்பல் நிறுத்துன கொட்டகையோட பாகங்கள வச்சு அஞ்சு ஹால் கட்டி 1930ல தொறந்தது. மீன் ஹால்ல புகை போட்ட மீன் பொன்னு கலர்ல அடுக்கியிருக்கும், விலாங்கு மாதிரி நீளமா லாம்ப்ரேயும் கிடைக்கும். சைவம்னா கருப்பு ரை ரொட்டில சணல்விதை வெண்ணெய் தடவிச் சாப்பிடுங்க, பாக்க சாம்பல் கலர்ல சேறு மாதிரி இருக்கும், வாயில வச்சா அப்புறம் விடமாட்டீங்க. பிளாக் பால்சம்னு ஒரு கஷாயச் சாராயம் தருவாங்க, 45 சதவீதம் ஆல்கஹால், பாத்துக் குடிங்க.

டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிடும், அதனால அப்ப போனா ஆல்பர்ட்டா தெருவ மத்தியானத்துக்குள்ள முடிச்சுடுங்க. ஜூன்ல பத்து மணிக்கு மேலயும் வெளிச்சம் இருக்கும், மார்க்கெட்டுக்குப் பக்கத்துலயே ரயில்வே ஸ்டேஷன், யூர்மலா கடற்கரைக்கு டிக்கெட் எடுத்து மயோரி ஸ்டேஷன்ல எறங்குங்க, அரை மணி நேரம்தான்.