வலுவான, ஹாப்ஸ் மிகுந்த பில்ஸ்னரைச் சுவைத்து எடைபோடுவது எப்படி?

வழக்கமான பில்ஸ்னரில், அதாவது குளிரில் மெதுவாக நொதிக்கவைத்த வெளிர்நிற லாகர் பியரில், ஆல்கஹால் 4.4 முதல் 5.3 சதவீதம் வரை இருக்கும். ‘இம்பீரியல்’ என்றோ ‘டபுள்’ என்றோ பெயர் போட்டு வரும் கிராஃப்ட் பில்ஸ்னர்களில் அது 7, 8 என்று ஏறும், சிலவற்றில் 9-ஐ நெருங்கும். பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸும் அதற்கேற்பக் கூடும். இந்த வகையில் உருப்படியாக வருபவை குறைவு. ஆல்கஹால் கூடினால் இனிப்பும் கனமும் கூடவே வந்துவிடும். பில்ஸ்னர் என்றாலோ நாக்கில் இனிப்புத் தங்காமல் சுத்தமாக முடிய வேண்டும். இந்த இழுபறியைத் தயாரித்தவர் எப்படிச் சமாளித்திருக்கிறார் என்று பார்ப்பதுதான் சுவைப்பவரின் வேலை. நிறம், நுரை, மணம் எல்லாவற்றையும் கவனிக்கத்தான் வேண்டும். தீர்ப்பு மட்டும் விழுங்கிய பிறகு வரும் அரை நிமிடத்தில்தான் கிடைக்கும்.

முதலில் ஓர் அளவுகோல்

இந்த வகையின் மூலம், பவேரியாவிலிருந்து வந்த யோசஃப் க்ரோல் 1842 அக்டோபரில் போஹீமியாவின் (இன்றைய செக் குடியரசு) பில்சென் நகரில் காய்ச்சிய பியர். வெளிர்நிற மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), தாதுஉப்பு மிகக் குறைந்த தண்ணீர், ஸாட்ஸ் ஹாப்ஸ், குளிரில் மெதுவாக நொதிக்கும் லாகர் ஈஸ்ட் ஆகிய நான்கும் அங்கே கூடிவந்தன. இன்றும் அதே ஊரிலிருந்து வரும் பில்ஸ்னர் உர்குவெல்லில் ஆல்கஹால் 4.4 சதவீதம்தான்; கசப்பு, அதை அளக்கும் ஐபியு என்ற அலகில், ஏறத்தாழ 40. வலுவான ஒன்றைச் சுவைக்கும்போது இதில் ஒரு சிறு கிளாஸ் பக்கத்தில் இருந்தால் ஒப்பிட வசதி.

ஐபியு எண்ணைத் தனியாகப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. நொதிக்கும் முன் மால்ட் சாற்றின் அடர்த்தி 12 டிகிரி பிளாட்டோ (எடையில் ஏறத்தாழ 12 சதவீதம் சர்க்கரை) என்றால் 40 ஐபியு நன்றாகவே கசக்கும். அதே அடர்த்தி 18 டிகிரிக்கு ஏறினால் அதே அளவு கசப்பை உணர ஏறத்தாழ 60 ஐபியு வேண்டும். 8 சதவீத ஆல்கஹாலும் 35 ஐபியுவும் என்று லேபிள் சொன்னால் அதற்குள் இருப்பது பெரும்பாலும் மால்ட் தூக்கலான, ஹெல்லஸ் போக் எனும் வலுவான ஜெர்மன் லாகர் வகைப் பியராகவே இருக்கும். போக் பியராக அது நன்றாக இருக்கலாம். ஹாப்ஸுக்காக வாங்கியவருக்குத்தான் ஏமாற்றம்.

எந்த ஹாப்ஸ் என்பதையும் லேபிளில் தேடுங்கள். ஸாட்ஸ், ஹாலர்டாவ் மிட்டல்ஃப்ரூ, டெட்னாங் போன்ற பழைய ஐரோப்பிய ரகங்கள் மிளகு, காய்ந்த புல், பூ, மூலிகை என்ற திசையில் போகும். நியூசிலாந்தின் நெல்சன் சோவின் வெள்ளைத் திராட்சையையும், மோட்டுவேகா எலுமிச்சையையும் நினைவூட்டும். நொதித்து முடிந்த பியரில் ஹாப்ஸைக் குளிராக ஊறவைக்கும் டிரை ஹாப்பிங் முறை பில்ஸ்னருக்கு முன்பு பழக்கமில்லாதது. இத்தாலியின் பிர்ரிஃபிச்சியோ இத்தாலியானோ 1996-இல் கொண்டுவந்த டிப்போபில்ஸ்தான் அந்தக் கதவைத் திறந்தது. கலிஃபோர்னியாவின் ஃபயர்ஸ்டோன் வாக்கர் தன் பிவோ பில்ஸை அதைப் பின்பற்றித்தான் செய்தது. டிரை ஹாப் செய்த பியரில் மணம் முன்னால் வந்து நிற்கும், செய்யாததில் கசப்பு முன்னால் நிற்கும். எதை எதிர்பார்த்துக் கிளாஸைத் தூக்குகிறோம் என்று தெரிந்திருந்தால் பியரின் மேல் தேவையில்லாத பழி போட மாட்டோம்.

வாங்குவதும் வைப்பதும்

அடைத்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். ஹாப்ஸ் மணம் முதல் மூன்று மாதத்தில்தான் முழுதாக இருக்கும், அதுவும் குளிரில் வைத்திருந்தால். 32 டிகிரி செல்சியஸில் மூன்று நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், இவை மூன்றும் பியரை ஏறத்தாழ ஒரே அளவுக்கு முதுமையாக்கும் என்பது பியர் தொழிலில் புழங்கும் கணக்கு. சென்னைக் கோடையில் காரின் டிக்கியில் ஒரு வாரம் கிடந்த கேனில் என்ன மிஞ்சியிருக்கும் என்று இதை வைத்தே கணித்துவிடலாம். ஆல்கஹால் அதிகம் என்பதால் இது தாங்கும் என்று நினைக்க வேண்டாம். ஆல்கஹால் ஹாப்ஸ் மணத்தைக் காப்பாற்றாது.

பச்சை பாட்டிலையும் நிறமில்லாத பாட்டிலையும் தவிர்ப்பது நல்லது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் உடைந்து, ஸ்கங்க் நாற்றம் என்று சொல்லப்படும் கந்தக வாடை வரும். நேர் வெயிலில் இதற்குச் சில நிமிடங்களே போதும். ஹாப்ஸ் அதிகம் என்றால் அந்த வாடைக்கான சரக்கும் அதிகம். கேன் என்றால் இந்தக் கவலை இல்லை.

கிளாஸும் ஊற்றும் விதமும்

உயரமான பில்ஸ்னர் கிளாஸ் பார்க்க அழகு. மணம் பிடிக்க, வாய் சற்றுக் குறுகிய டூலிப் கிளாஸ் அல்லது ஒயின் கிளாஸ் மேல். பாத்திரம் துலக்கும் சோப்பு, எண்ணெய்ப் பசை, துடைத்த துணியின் நூல் எல்லாமே நுரையைக் கொல்லும். கழுவியதும் உள்ளே தண்ணீரைச் சுழற்றிக் கொட்டிப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் கிளாஸ் சுத்தம். திட்டுத் திட்டாகப் பிரிந்து நின்றால் இன்னும் பசை இருக்கிறது. ஊற்றிய பிறகு கிளாஸின் பக்கச் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நிற்பதும் அழுக்கின் அடையாளமே.

வெப்பநிலை 6 முதல் 8 டிகிரி. ஃபிரிட்ஜ் 4 டிகிரியில் இருந்தால், எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்தால் சரியாக வரும். கிளாஸை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். பனி உருகிப் பியரில் கலக்கும், நாக்கும் மரத்துப் போகும்.

கிளாஸைச் சாய்த்துப் பாதிவரை ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் நேராக ஊற்றுங்கள். நுரை இரண்டு விரல் உயரம் வரட்டும். நுரை குறைந்தால் கரைந்த வாயு முழுக்க வயிற்றுக்குள் போய் உப்பும். கசப்பைத் தரும் ஐசோ ஆல்ஃபா அமிலங்கள் நுரையைத் தாங்கி நிறுத்துபவை. எனவே இவ்வளவு ஹாப்ஸ் போட்ட பியரில் நுரை ஒரு நிமிடத்துக்குள் செத்துப்போனால் முதலில் கிளாஸைச் சந்தேகியுங்கள், அப்புறம் பியரை. கண்ணாடியில் நுரை வளையம் வளையமாகப் படிந்து இறங்குவது நல்ல அறிகுறி. நிறம் வைக்கோல் மஞ்சளிலிருந்து அடர் பொன் வரை போகலாம். டிரை ஹாப் செய்தது லேசாக மங்கலாக இருந்தால் குற்றமில்லை.

ஒருவருக்கு 100 மில்லி போதும். 8 சதவீதப் பியர் 330 மில்லியில் தூய ஆல்கஹால் ஏறத்தாழ 21 கிராம் இருக்கிறது; 5 சதவீதப் பியரில் அதே அளவுக்கு 13 கிராம்தான். ஒரு கேனை மூன்று பேர் பிரித்துக்கொள்வது நாக்குக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது. முடித்துவிட்டு வண்டி எடுக்கும் திட்டம் வேண்டாம்.

மூக்கு

சுவைக்கும் அறையில் ஊதுபத்தி, கொசுவர்த்தி, மல்லிகைப்பூ, பக்கத்து அடுப்பில் தாளிப்பு எதுவும் இருக்கக் கூடாது. காபியும் காரமும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தப்பட வேண்டும்.

ஊற்றியவுடன் இரண்டு மூன்று குட்டி மோப்பம் பிடியுங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் பழகிப்போய் மணத்தைக் காட்டாமல் விட்டுவிடும். முதல் மோப்பத்தில் அணைத்த தீக்குச்சி வாடை லேசாக வந்தால் பதற வேண்டாம். லாகர் ஈஸ்ட் விட்ட கந்தகம் அது. இரண்டு நிமிடத்தில் பறந்துவிடும். பறக்காமல் அழுகிய முட்டையாக நின்றால் குறைதான்.

பிறகு கிளாஸைச் சுழற்றி இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். ஹாப்ஸ் எந்தத் திசையில் போகிறது: மிளகா, புல்லா, எலுமிச்சைத் தோலா, திராட்சையா? அடியில் மால்ட் தெரிகிறதா: புதிய ரொட்டி, பிஸ்கட், மெல்லிய தேன்? நல்ல வலுவான பில்ஸ்னரில் ஹாப்ஸ் மேலே இருக்கும், ரொட்டி மணம் அதன் அடியில் தெளிவாகக் கேட்கும். 8 சதவீத ஆல்கஹால் மூக்கை உறுத்தவே கூடாது.

நாக்கு

பெரிய வாயாக ஒன்று குடித்து, வாய் முழுக்கப் பரவவிட்டு, விழுங்குங்கள். ஒயின் சுவைப்பவர்கள் துப்புவார்கள். இங்கே விழுங்காமல் வேலை முடியாது, கசப்பு தாமதமாகத்தான் ஏறும். முதல் வாயை நம்பாதீர்கள், நாக்கு இன்னும் பழகியிருக்காது. இரண்டாம் வாயிலிருந்து கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். ஹாப்ஸ் மணத்தில் ஒரு பெரும்பங்கு இப்போதுதான் தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கிவிட்டு, பிறகு கையை எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் அப்பட்டமாக இருக்கும்.

இனி மனசுக்குள் விநாடிகளை எண்ணுங்கள். கசப்பு ஏறிப் பத்து விநாடியையொட்டி உச்சத்தைத் தொட்டு, அரை நிமிடத்துக்குள் மெல்ல அடங்க வேண்டும். அடங்கியபின் எச்சில் ஊறி, அடுத்த வாய்க்கு கை தானாகப் போக வேண்டும். கசப்பு அடங்கிய இடத்தில் இனிப்பு எட்டிப் பார்த்தால் ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை என்று பொருள். தொண்டை சூடாகி எரிந்தால் நொதிப்பு தேவைக்கு மேல் சூட்டில் நடந்திருக்கிறது, அல்லது ஈஸ்ட் போதவில்லை. 18 பிளாட்டோ லாகருக்கு ஒரு மில்லிக்கு ஏறத்தாழ 2.7 கோடி ஈஸ்ட் செல்கள் வேண்டும், நொதிப்பும் 9 முதல் 12 டிகிரிக்குள் நடக்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் செய்தவர்களின் பியர் நெயில்பாலிஷ் ரிமூவர் வாடையில் காட்டிக்கொடுத்துவிடும்.

கசப்பையும் துவர்ப்பையும் பிரித்துப் பார்ப்பதுதான் இதில் கடினமான பாடம். கசப்பு நாக்கில் உட்காரும். துவர்ப்பு ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் பிடித்து இழுக்கும், வாழைக்காயைக் கடித்ததுபோல. அளவுக்கு மீறி, அல்லது அதிக நாள், ஹாப்ஸை ஊறவைத்தால் இலையின் பாலிஃபீனால்கள் இறங்கித் துவர்க்கும். தண்ணீரில் கார்பனேட் அதிகமாக இருந்தால் கசப்பே சொரசொரப்பாகிவிடும். சல்ஃபேட் அளவோடு கூடினால் கசப்பு கூர்மையாகும், வட ஜெர்மனியின் பில்ஸ் பிரியர்கள் விரும்புவது அதைத்தான். “ரொம்பக் கசக்கிறது” என்று எழுதுவதற்கு முன் இந்த மூன்றில் எது என்று பாருங்கள்.

ஒரு வாய்க்கும் இன்னொரு வாய்க்கும் நடுவே ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள், கசப்பு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். சாதாரணத் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் வாயைச் சுத்தமாக்கப் போதும்.

சூடாகட்டும்

கிளாஸில் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் வைத்து, உள்ளங்கையில் பிடித்து 14, 15 டிகிரிவரை வரவிடுங்கள். குளிர் மறைத்திருந்த குறைகள் இப்போது ஒவ்வொன்றாக வெளியே வரும்.

வெண்ணெய் அல்லது பாப்கார்ன் வாடையும், நாக்கில் வழுவழுப்பும் டைஅசிட்டைலின் அடையாளம். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருந்தாலே பலருக்கு லாகரில் தெரிந்துவிடும். டிரை ஹாப் செய்ததில் இது கூடுதல் ஆபத்து. ஹாப்ஸில் உள்ள நொதிகள் மிச்ச மாவுச்சர்க்கரையை உடைத்துக் கொடுக்க, ஈஸ்ட் மறுபடி விழித்து நொதிக்கத் தொடங்கும். அது முடியும் முன்பே குளிரூட்டி அடைத்தால் டைஅசிட்டைல் பியரிலேயே தங்கிவிடும்.

அவித்த மக்காச்சோள வாடை டைமெத்தில் சல்ஃபைடு. வெளிர் மால்ட்டைக் குறைந்த சூட்டில் உலர்த்துவதால் அதன் மூலப்பொருள் மால்ட்டிலேயே தங்கும். கொதிக்கவிட்டு விரட்ட வேண்டும், பில்ஸ்னருக்கு 90 நிமிடக் கொதி வழக்கத்தில் இருப்பது அதனால்தான். கொதித்தபின் ஆறவைக்கத் தாமதித்தாலும் சேரும். துளியளவு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், முன்னால் வந்து நின்றால் கூடாது. பச்சை ஆப்பிள் வாடை அசிட்டால்டிஹைடு. வலுவான லாகரை 0 முதல் 2 டிகிரியில் ஆறு, எட்டு வாரமாவது உறங்கவிடாமல் அவசரப்பட்டதற்கு அது சாட்சி. நனைந்த அட்டைப்பெட்டி என்றால் ஆக்ஸிஜன் புகுந்திருக்கிறது. பழைய சீஸ் அல்லது வியர்வைச் சாக்ஸ் என்றால் ஹாப்ஸே பழசு.

குறிப்பு எழுதுவது

“அருமை, ரெஃப்ரெஷிங்” என்று எழுதினால் அடுத்த மாதம் உங்களுக்கே அது உதவாது. இப்படி எழுதிப் பாருங்கள்: “7.5 சதவீதம். அடைத்து ஐந்து வாரம். 7 டிகிரியில் ஊற்றியது. நுரை நான்கு நிமிடம் நின்றது. மிளகு, எலுமிச்சைத் தோல், அடியில் ரொட்டி. கசப்பு எட்டாம் விநாடி உச்சம், முப்பதில் அடங்கியது. ஈறில் லேசான துவர்ப்பு. 15 டிகிரியில் ஆல்கஹால் மூக்கில் தெரிந்தது, வெண்ணெய் இல்லை.” மதிப்பெண்ணைக் கடைசியில் போடுங்கள். முதலில் போட்டால் மற்ற வரிகள் அதற்கு வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடும்.

உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறதா என்று சோதிக்க முக்கோணச் சோதனை இருக்கிறது. மூன்று ஒரே மாதிரிக் கிளாஸ்களில், இரண்டில் ஒரு பியரும் ஒன்றில் மற்றதுமாக, வேறொருவர் உங்கள் கண் மறைவில் ஊற்ற வேண்டும். நிறம் வேறுபட்டால் கிளாஸைச் சுற்றித் தாள் ஒட்டிவிடுங்கள். ஒற்றையாக நிற்பது எது என்று சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும் என்பதால் ஒரே சுற்றை வைத்து நம்ப வேண்டாம். ஒரு சுற்றுக்குக் கிளாஸுக்கு 30 மில்லி போதும். மூன்று சுற்றுக்கு மேல் போனால் 8 சதவீதம் நாக்கை மழுக்கிவிடும், மிச்சச் சுற்றுகளை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் புதுக் கேன் திறக்க வேண்டும். திறந்து வைத்த கேனில் மறுநாள் வாயுவும் இருக்காது, ஹாப்ஸ் மணமும் இருக்காது.